விதையில்லாக் கமலா: கன்று வாங்கும் முன் வேரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லோடு ஒரு பழப்பயிரும் இருந்தால் கை கொடுக்கும் என்ற பேச்சு டெல்டா ஊர்களில் வலுத்திருக்கிறது. அந்தப் பேச்சை நம்பி ‘பின்பருவ விதையில்லாக் கமலா ஆரஞ்சு’ என்று அட்டை கட்டிய கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. மற்ற ஆரஞ்சு முடிந்த பிறகு பழம் தரும், சுளையில் விதை இருக்காது, தோல் எளிதில் உரியும் என்பதுதான் விற்பவர் சொல்வது. இந்த மூன்று குணமும் கொண்ட ரகங்கள் உலகத்தில் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் எது காவிரி மண்ணிலும் நம் மழையிலும் நிற்கும், எது நிற்காது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடுகிறவர்களுக்கும் கன்று கொடுக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர்பெற்ற பின்பருவ விதையில்லா ரகங்களில் பல, கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை. பிக்ஸி 1965இல் வெளியானது, கோல்டு நக்கெட் 1999இல், டாங்கோ 2006இல். மொராக்கோவிலிருந்து பரவிய டபிள்யூ மர்காட் என்ற ரகத்தின் மொட்டுகளில் கதிர்வீச்சு செலுத்தித் தேர்ந்தெடுத்ததுதான் டாங்கோ. பஞ்சாபில் பரவலாகப் பயிராகும் கின்னோவும் இதே ரிவர்சைடில் பிறந்து 1935இல் வெளியானதுதான். அதுவும் பின்பருவப் பழம்தான், ஆனால் விதை நிறைய. ஆகவே கின்னோ கன்றில் ‘விதையில்லா’ அட்டை தொங்கினால் வாங்காமல் திரும்பிவிடலாம்.

விதையில்லாமை இரண்டு வகை. கோல்டு நக்கெட், டாங்கோ போன்றவற்றில் மகரந்தமும் சூலும் பெரும்பாலும் மலடு. பக்கத்தில் எந்த மரம் பூத்தாலும் பழத்தில் விதை பிடிப்பது அபூர்வம். டபிள்யூ மர்காட் அப்படியல்ல. அது தன் மகரந்தத்தால் விதை கட்டாது, அயல் மகரந்தம் வந்தால் கட்டிவிடும். வெளிநாடுகளில் அதைத் தனித் தோப்பாக நடுகிறார்கள்; பூக்கும் வாரங்களில் தேனீ நுழையாமல் மரங்களை வலை போட்டே மூடுகிறார்கள். நம் ஊரில் கொல்லைக்குக் கொல்லை எலுமிச்சையும் நார்த்தையும் கிடாரங்காயும் நிற்கின்றன, சில வீடுகளில் பம்பளிமாஸும் உண்டு. அந்த மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே டெல்டா கிராமத்தில் டபிள்யூ மர்காட் நட்டுவிட்டு விதையில்லாப் பழத்தை எதிர்பார்க்க முடியாது. ‘விதையில்லா’ என்ற சொல் போதாது, ரகத்தின் பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு: விதையே இல்லாத ரகத்தை விதை போட்டு வளர்க்க வழியில்லை. ‘நாட்டு விதைக் கன்று, விதையில்லா ரகம்’ என்று ஒருவர் விற்றால் இரண்டில் ஒன்று பொய். வேர்ச்செடியில், அதாவது அடியில் வேராக நிற்கும் வேறொரு செடியில், மொட்டு ஒட்டுக் கட்டிய கன்று மட்டுமே உண்மையானதாக இருக்க முடியும்.

இனி வேர்ச்செடி. டெல்டாவில் கமலா பிழைப்பதை ரகத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான், விலை கேட்கும் நேரத்தில் யாரும் கேட்காததும் இதைத்தான். பழைய டெல்டாவின் வயல் மண் கனத்த களி. கார அமில நிலை 8ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும் இடங்கள் நிறைய. டிரைஃபோலியேட் ஆரஞ்சையும் அதன் கலப்புகளையும் வேர்ச்செடியாகக் கொண்ட கன்று இந்தக் காரத்தைத் தாங்காது. இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உப்பும் அதற்கு ஆகாது. ஜம்பேரி எலுமிச்சை வேகமாக வளரும், மணல் மண்ணுக்கு ஏற்றது. ஆனால் களியில் தூர் அழுகலுக்கு எளிதில் இரையாகும், பழத்தின் இனிப்பையும் சற்று நீர்க்கச் செய்யும். கிளியோபாட்ரா என்ற சிறு கமலா உப்பையும் சுண்ணாம்பையும் தாங்கும், நீர் தேங்கினால் தாங்காது. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் நமக்கு ஓரளவு பொருந்துவது ரங்பூர் லைம். வறட்சி, மிதமான உப்பு, சுண்ணாம்பு, டிரிஸ்டிசா நச்சுயிரி ஆகியவற்றை அது தாங்கும். அதன் பலவீனம் எக்ஸோகார்டிஸ் என்ற வைராய்டு, நச்சுயிரியைவிடச் சிறிய நோய்க்கிருமி. அது மொட்டு எடுக்கும் தாய்மரத்தில் வெளியே தெரியாமல் இருந்துகொண்டு, ரங்பூர் மேல் ஒட்டியதும் பட்டையை உரித்து மரத்தைக் குட்டையாக்கும். ஒட்டுக்கத்தி வழியாகப் பரவும் இதற்குத் தீயில் காட்டுவதோ ஸ்பிரிட்டில் துடைப்பதோ போதாது. ஒவ்வொரு தாய்மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கத்தியை 1 முதல் 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

கன்று வாங்கும்போது ஒட்டுமூட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. பல கன்றுகளில் அது பை மண்ணை ஒட்டியே இருக்கிறது. அதை நட்டு மண் அணைத்தால் மேல்ரகமே மண்ணைத் தொட்டு முதல் ஐப்பசியில் பிசின் வடியத் தொடங்கும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் முள் நிறைந்த தளிரைக் கிள்ளாமல் விட்டால் மேலே உள்ள ரகம் ஒடுங்கி, மூன்றாண்டில் நீங்கள் வளர்ப்பது வேர்ச்செடியாகிவிடும். ‘கமலா நட்டேன், எலுமிச்சை காய்த்தது’ என்பவர்களின் தோட்டத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இடத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். சம்பா வயலை வயலாகவே விட்டுவிடுங்கள். கமலா வேருக்கு நீரைவிடக் காற்று முக்கியம். வெதுவெதுப்பான மண்ணில் நீர் சில நாள் தேங்கினாலே உறிஞ்சு வேர்கள் செத்துவிடும். அதன் அடையாளம் உடனே தெரியாது. மழையில் மரம் பச்சையாகவே நிற்கும். தை பிறந்து வெயில் ஏறியதும், இருக்கும் வேரால் ஈடுகட்ட முடியாமல் இலை வாடும், நடுநரம்பு மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மடை திறந்துவிடுவார்கள், மிச்ச வேரும் போய்விடும். அந்த நிலையில் செய்ய வேண்டியது நேர்மாறானது: பாத்தியை உடைத்து மண்ணைக் காயவிட்டு, மேல் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, இலைச்சுமையைக் குறைக்க வேண்டும்.

பொருத்தமான நிலங்கள் டெல்டாவிலேயே உண்டு. வல்லம் பக்கத்துச் செம்மண், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரையுள்ள செம்மண், மணற்சாரி நிலங்கள், வெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்கும் கொள்ளிடம், காவிரிப் படுகைகள், ஊருக்குள் இருக்கும் திடல்கள், கொல்லைகள். எங்கே ஆனாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். 60 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் குழி வெட்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் 24 மணி நேரத்தில் வடியவில்லை என்றால் அங்கே கன்றைத் தரைமட்டத்தில் நடக் கூடாது.

களியில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெரிய குழி வெட்டி, களியை அள்ளி வெளியே போட்டு, ஆற்று மணலும் எருவும் நிரப்பிக் கன்றை வைப்பார்கள். சுற்றிலும் களிச்சுவர் இருக்க நடுவில் மணல் இருந்தால் அந்தக் குழி சிமென்ட் தொட்டி போல மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும். குழியே வேண்டாம், மேடு போடுங்கள். அடியில் இருக்கும் களியை ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டு, அதன்மேல் வண்டலும் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து 2 மீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரத்தில் நீளமேடாகப் போட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அது மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்கு மேடு இருக்கும் பள்ளமே வடிகால். அதற்கு வெளியேறும் வழி இருக்க வேண்டும். பக்கத்தில் நெல் வயல் இருந்தால் இடையில் 90 சென்டிமீட்டர் ஆழ வாய்க்கால் வெட்டினால்தான் ஊற்று நீர் வேரடியில் ஏறாது. வரிசைக்கு வரிசை 6 மீட்டர், மரத்துக்கு மரம் 6 மீட்டர். நடவுக்கு ஆனி ஆடி நல்லது, ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். 2018 நவம்பர் 16இல் வந்த கஜா புயலில் தென்னையே சாய்ந்ததைப் பார்த்தோம். மேட்டில் நட்ட கன்றுக்கு முதல் மூன்றாண்டு ஊன்றுகோல் அவசியம். வடகிழக்கு ஓரத்தில் சவுக்கு வரிசை நடலாம், ஆனால் கமலாவிலிருந்து 5 மீட்டராவது தள்ளி.

தண்ணீரின் உப்பை நடுவதற்கு முன்பே பரிசோதியுங்கள். மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.1 டெசிசைமன்ஸைத் தாண்டினால் கமலாவின் விளைச்சல் குறையத் தொடங்கும். நாகை, வேதாரண்யம் கரையோர ஆழ்குழாய்கள் பல இந்த அளவைத் தாண்டியவை. அங்கே இந்தப் பயிரை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து ‘பின்பருவம்’ என்ற சொல். கோல்டு நக்கெட் கலிபோர்னியாவில் வசந்தத்தில் பூத்து மறு மார்ச்சில்தான் பழுக்கும், அதன்பிறகும் மாதக்கணக்கில் மரத்திலேயே தொங்கும். அங்கே குளிர்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதே காரணம். டெல்டாவில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். காய் விரைவில் முதிரும், புளிப்பு வேகமாக இறங்கும், மரத்தில் காத்திருக்கும் நாளும் சுருங்கும். தோல் மஞ்சளாவதற்கு இரவு 13 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். நமக்கு அது இல்லை. எனவே இங்கே விளையும் பழம் நன்கு பழுத்தும் பச்சையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். ஆரஞ்சு நிறத்துக்குக் காத்திருந்தால் உள்ளே சுளை வறண்டு சக்கையாகிவிடும்.

தை மாசியில் நிலம் காய்ந்து, பிறகு நீர் பட்டதும் கமலா பூக்கும். அந்தப் பூவின் காய் ஐப்பசி, கார்த்திகையில், சரியாக அடைமழையில் முதிரும். காய் வெடிக்கும், கீழ்க்கிளைப் பழங்களில் மண் தெறித்து அழுகும், பழ உறிஞ்சும் அந்துப்பூச்சியும் அந்தச் சமயத்தில்தான் மிகுதி. இதைத் தவிர்க்க நாகபுரி விவசாயிகள் ‘மிருக் பஹார்’ என்ற பெயரில் செய்யும் முறை நம் பாசன நாட்காட்டியோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. தை முதல் பங்குனி வரை மரத்தை வாடவிடாமல் சீராகத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மீறி வரும் பூவை உதிர்த்துவிடலாம். சித்திரை பிற்பகுதியிலிருந்து நீரை நிறுத்த வேண்டும். மணற்சாரி மண்ணில் நான்கைந்து வாரம் போதும், களி மேட்டில் அதைவிட நீளும். காலையிலும் இலை சுருண்டே இருந்து, நான்கில் ஒரு பங்கு இலை உதிர்ந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் கொப்பு காயும். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்து தண்ணீர் வரும் ஆனியில் ஒரு லேசான நனைப்பு, ஒரு வாரம் கழித்து முழுப் பாசனம், கூடவே உரம். மூன்று நான்கு வாரத்தில் பூ வரும், அறுவடை மாசி, பங்குனியில். வெயில் தொடங்கும் காலம், வறண்ட வானம், வரத்துக் குறைவு. பின்பருவப் பழத்தின் பலன் டெல்டாவில் கிடைக்குமானால் இப்படித்தான் கிடைக்கும். கோடை மழை இடையில் பெய்தால் வாட்டம் கலைந்து பூ சிதறலாக வரும் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த மரத்தை வாடவிடவே கூடாது.

பழுத்ததைக் கண்ணால் அறிய முடியாத ஊரில் கருவியால் அறிய வேண்டும். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் சாற்றின் இனிப்பு அளவு 10 பிரிக்ஸைத் தாண்ட வேண்டும். புளிப்புக்கு, 10 மில்லி சாற்றில் இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை இளஞ்சிவப்பு நிற்கும் வரை சேருங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் 0.064 சதவீதப் புளிப்பு. 12.5 மில்லி செலவானால் புளிப்பு 0.8 சதவீதம். பிரிக்ஸைப் புளிப்பால் வகுத்து 12ஐ ஒட்டி வந்தால் பறிக்கலாம். பறித்தபின் கமலா இனிக்காது, வாழைக்குச் செய்வதுபோல் மூட்டம் போட்டால் தோல்தான் நிறம் மாறும். கையால் இழுத்தால் காம்படியில் தோல் கிழியும், அங்கிருந்து அழுகும். கத்தரியால் முதலில் காம்பை நீளமாக வெட்டி, பிறகு பழத்தை ஒட்டி நறுக்குங்கள். பனி ஈரம் காயும் முன் தொட்டால் தோலின் எண்ணெய்ப் பைகள் உடைந்து பழுப்புக் கறை விழும்.

பின்பருவ ரகங்களுக்கு ஓராண்டு அள்ளிக் கொடுத்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் பழக்கம் உண்டு. மர்காட் வகைகளில் இது ஆபத்து. அளவுக்கு மீறிக் காய்த்தால் வேருக்குப் போக வேண்டிய மாவுச்சத்தெல்லாம் காய்க்கே போய், பழம் முதிரும் தறுவாயில் மரமே கருகும். காய் நெல்லிக்காய் அளவு வந்ததும் ஒரு சாணுக்கு ஒரு காய் வீதம் கலைத்துவிடுங்கள். முதல் மூன்றாண்டுப் பூ முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

உரத்தில் பெரிய ரகசியம் இல்லை. முதலாண்டு கன்றுக்கு 10 கிலோ தொழு உரமும் 100 கிராம் தழைச்சத்தும் நான்கு தவணையாக. காரமண்ணில் யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் நல்லது, அதில் இந்தத் தழைச்சத்துக்கு ஏறக்குறைய 490 கிராம் ஆகும். துத்தநாகக் குறை நம் மண்ணில் சாதாரணம். புதுத்தளிர் விரிந்ததும் 100 லிட்டர் நீரில் 500 கிராம் துத்தநாக சல்பேட்டும் 250 கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்தால் போதும்.

துத்தநாகக் குறைக்கும் ‘கிரீனிங்’ எனப்படும் பச்சையாதல் நோய்க்கும் வேற்றுமை தெரிந்திருப்பது மிக முக்கியம். சத்துக்குறையில் மஞ்சள் நடுநரம்பின் இருபுறமும் ஒரே அமைப்பில் இருக்கும். பச்சையாதலில் ஒருபுறம் ஒருமாதிரி, மறுபுறம் வேறுமாதிரி திட்டுத்திட்டாக இருக்கும், காய் கோணலாகி அடி பச்சையாகவே நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, மரத்தைப் பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி. அதைப் பரப்பும் சைலிட் பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் பெருகும். கொல்லையில் கறிவேப்பிலைக்கு அருகே கமலா கன்றை வைக்காதீர்கள். பழத்தில் ஊசித்துளையிட்டு அழுகவைக்கும் அந்துப்பூச்சியின் புழு வேலியில் படரும் சீந்தில் கொடியில்தான் வளர்கிறது. சீந்திலை மருந்துக்கு வைத்திருப்பவர்கள் தோட்டத்துக்கு வெகு தொலைவில் வைத்துக்கொள்ளலாம்.

தூர் அழுகலுக்குப் போர்டோ பசை: மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் நீரிலும், சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, மூன்றாம் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்தெடுங்கள், செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். புரட்டாசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பூசுங்கள். பாசன நீர் தூரைத் தொடாதபடி இரட்டை வட்டப் பாத்தி கட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அரசுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ஒட்டுக்கன்றின் அட்டையிலும் ரகத்தின் பெயர், வேர்ச்செடியின் பெயர், மொட்டு எடுத்த தாய்மரம் இருக்கும் இடம், ஒட்டுக் கட்டிய மாதம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இவை இல்லாத கன்றை மானியத்தில் சேர்க்கக் கூடாது. இரண்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுதுறையிலும் தஞ்சை காட்டுத்தோட்டத்திலும் நிலையங்கள் உண்டு, எலுமிச்சை இனத்துக்கென்றே வன்னிக்கோனேந்தலில் ஒரு நிலையம் உண்டு. பழைய டெல்டாக் களி மேடு, கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாச் செம்மண், கொள்ளிடப் படுகை என்ற மூன்று மண்ணிலும் ரங்பூர், கிளியோபாட்ரா, ஜம்பேரி என்ற மூன்று வேர்ச்செடிகளின்மேல் இரண்டு விதையில்லா ரகங்களை நட்டு, ஆனிப் பூவையும் மாசிப் பூவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் முழு மகசூல் வர ஆறேழு ஆண்டாகும். அந்த முடிவு கையில் வரும்வரை ஏக்கர் கணக்கில் நடச் சொல்லி யாரும் விவசாயியைத் தூண்ட வேண்டாம். ஆர்வமுள்ளவர்கள் திடலிலோ கொல்லையிலோ ரகமும் வேர்ச்செடியும் தெரிந்த நான்கைந்து கன்றை மேடு போட்டு நட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பழத்தோட்ட விவசாயி ஒருவர்,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.